வெளிநாட்டுப் படிப்பை ஒரு வருடம் தள்ளிவைக்கப் போகிறீர்களா? அட்மிஷன், விசா, கடன், கட்டிய பணம்: ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியவை

அப்பாவுக்கு பைபாஸ், அக்காவுக்குக் கல்யாணம், பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வீட்டு வருமானம் திடீரென்று நின்றுபோய்விட்டது. இதெல்லாம் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் வரிசையாக வரும். "இந்த வருஷம் வேண்டாம்" என்று வீட்டில் முடிவானதும் பலர் செய்வது, பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் சொல்லாமல் போகாமல் இருந்துவிடுவது. அப்படி இருந்தால் சீட்டும் போகும், டெபாசிட்டும் போகும், சில நாடுகளில் விசாப் பதிவும் ரத்தாகும். தள்ளிப்போடுவதற்கும் விண்ணப்பம் போட வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு.

இது தமிழ்நாட்டிலிருந்து முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கீழே உள்ள கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. காரணத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறதா?

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எது முடிந்தால் நீங்கள் கிளம்பலாம்? அறுவை சிகிச்சை, கல்யாணம், தம்பியின் பிளஸ் டூ, அப்பாவின் பணி ஓய்வு ஆகியவற்றுக்குத் தேதி உண்டு. அம்மாவின் டயாலிசிஸ், படுக்கையில் இருக்கும் தாத்தா, தொழிலில் விழுந்த கடன் ஆகியவற்றுக்குத் தேதி கிடையாது.

தேதி இருந்தால் சீட்டைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். தேதி இல்லையென்றால், என் கருத்தில், சீட்டை முறைப்படி விட்டுவிட்டு, திரும்பப் பெற முடிந்த பணத்தை எல்லாம் வாங்கிவிட்டு, பிறகு புதிதாக விண்ணப்பிப்பதே மேல். ஏனென்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரே ஒரு முறைதான், அதிகபட்சம் 12 மாதம்தான் தள்ளித்தரும். அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்திவிட்டு அடுத்த வருடமும் போக முடியாமல் போனால், டெபாசிட் அந்தரத்தில் நிற்கும். தேர்வு மதிப்பெண்களும் காலாவதியாகும்.

இன்னொன்று: "நான்கு மாதம் மட்டும் தள்ளி ஜனவரியில் போகலாமே" என்பார்கள். சேர்க்கை ஏஜென்ட்டுகள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். அமெரிக்காவில் ஜனவரியில் சேர்ந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்ய உதவும் சிபிடி அனுமதிக்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்தவருக்கு மே மாதம் ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கும். ஆகவே அந்தக் கோடை இன்டர்ன்ஷிப் கைநழுவும். குடும்பக் காரணம் உண்மையிலேயே டிசம்பருக்குள் முடியும் என்றால் மட்டும் ஜனவரியை யோசியுங்கள்.

2. உங்கள் பல்கலைக்கழகம் தள்ளித்தருமா என்று பாருங்கள்

பிரிட்டனில் ஒரு வருடம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் துறைக்குத் துறை மாறும்; பல முதுகலைத் துறைகள் "மறுபடி விண்ணப்பியுங்கள்" என்றுதான் பதில் போடும். ஜெர்மனியில் சேர்க்கைக் கடிதம் அந்த செமஸ்டருக்கு மட்டும்தான். அங்கே தள்ளிவைப்பு என்பதே பெரும்பாலும் கிடையாது, அடுத்த சுற்றில் புதிதாகப் போட வேண்டும். ஆனால் ஏபிஎஸ் சான்றிதழுக்கு (உங்கள் பட்டத்தைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பு தருவது) காலாவதி இல்லை என்பதால், அதற்குக் கட்டிய 18,000 ரூபாய் வீண்போகாது. கனடாவில் கல்லூரி தள்ளித் தந்தாலும், மாகாண ஒப்புதல் கடிதம் தேவைப்படும் படிப்பாக இருந்தால் அதைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை என்றால் 2026 ஜனவரி 1 முதல் அந்தக் கடிதம் தேவையில்லை.

உதவித்தொகை வேறு கணக்கு. சீட்டு தள்ளப்பட்டாலும் உதவித்தொகை தானாகக் கூடவே வராது. டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப், ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப் இரண்டும் அந்தத் துறை அல்லது பேராசிரியரின் அந்த வருட நிதியைப் பொறுத்தவை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை நம்பியிருந்தால், வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்ற வரம்புகளை அடுத்த வருடமும் தாண்டாமல் இருப்பீர்களா என்று பாருங்கள். "உதவித்தொகையும் தள்ளிவைக்கப்படுகிறதா?" என்ற கேள்வியைத் தனி வரியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

3. கடிதமும் ஆவணங்களும்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதில் வேண்டியவை: விண்ணப்ப எண், படிப்பின் பெயர், இப்போதைய இன்டேக் (சேரும் பருவம்), எந்த இன்டேக்குக்கு மாற்றக் கேட்கிறீர்கள், காரணம் இரண்டு மூன்று வரியில், அந்தக் காரணம் எப்போது முடியும், டெபாசிட்டையும் உதவித்தொகையையும் அப்படியே கொண்டுசெல்ல முடியுமா என்ற கேள்வி. வீட்டுக் கஷ்டத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. படிக்கிறவர் தேடுவது ஒன்றைத்தான்: அடுத்த வருடமாவது இவர் வருவாரா?

இணைக்க வேண்டியது காரணத்தைப் பொறுத்தது. உடல்நலம் என்றால் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, கூடவே மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் "இத்தனை மாதம் துணைக்கு ஆள் தேவை" என்ற ஒரு வரி. இந்த ஒரு வரியைத்தான் பலர் வாங்க மறப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை என்று கத்தையாக அனுப்பாதீர்கள். இறப்பு என்றால் இறப்புச் சான்றிதழும், உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் உள்ள பக்கமும். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ்களுக்கு நோட்டரி சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வருமான இழப்பு என்றால் வேலை நீக்கக் கடிதம் அல்லது தொழில் மூடியதைக் காட்டும் ஏதாவது ஒன்று. கல்யாணத்தைக் காரணமாக எழுதினால் பல இடங்களில் எடுபடாது. அதனால் வந்த பணச் சிக்கல்தான் உண்மைக் காரணம் என்றால் அதையே எழுதுங்கள்.

எப்போது அனுப்புவது? வகுப்பு தொடங்க இரண்டு மாதமாவது இருக்கும்போது. அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, துறை ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் போடுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சல் தொடரில் நினைவூட்டுங்கள். தொலைபேசியில் "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். புதிய இன்டேக் தேதி அச்சிட்ட புதிய ஆஃபர் லெட்டர் வந்தால்தான் வேலை முடிந்தது.

4. விசா எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

இந்தப் பகுதியில்தான் பணம் அதிகம் கரையும். நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்கா: ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வந்துவிட்டது, நீங்கள் இன்னும் கிளம்பவில்லை என்றால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் அதே செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) எண்ணில் தொடக்கத் தேதியை மட்டும் மாற்றித் தர முடியும். இப்படிக் கேட்டு வாங்குங்கள். எண் மாறாவிட்டால் 350 டாலர் செவிஸ் கட்டணம் அப்படியே செல்லும். புதிய எண்ணில் ஐ-20 கொடுத்துவிட்டால், பழைய கட்டணத்தைப் புது எண்ணுக்கு மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். 12 மாதத்துக்குள் செய்துவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், வராதவர் என்று பதிவாகி செவிஸ் பதிவு ரத்தாகும். விசா நேர்காணலுக்குக் கட்டிய 185 டாலர் ரசீது ஒரு வருடம் செல்லும். அதற்குள் நேர்காணல் தேதி பதிந்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா குத்தியாகிவிட்டது என்றால், அதில் அச்சிட்ட செவிஸ் எண்ணும் புது ஐ-20-இன் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே பல்கலைக்கழக அலுவலகத்திடம் எழுத்தில் வழிகேட்டுவிடுங்கள்.

பிரிட்டன்: சிஏஎஸ் என்ற சேர்க்கை உறுதி எண்ணை 6 மாதத்துக்குள், ஒரே விண்ணப்பத்துக்குத்தான் பயன்படுத்த முடியும். தள்ளிவைத்தால் அடுத்த வருடத்துக்குப் புதியது வரும். அதனால் சிஏஎஸ் வாங்குவதற்கு முன்பே தள்ளிவைப்பைக் கேட்பது நல்லது. விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? பயோமெட்ரிக் கொடுப்பதற்கு முன் திரும்பப் பெற்றால் விசாக் கட்டணம் (2025 ஏப்ரலில் 524 பவுண்டு) திரும்பும், கொடுத்த பிறகு வராது. சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுகலைக்கு வழக்கமாக 1,164 பவுண்டு. முடிவு வருமுன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் இது கிடைக்கும். விசா கிடைத்த பிறகு போகாமல் இருந்தால் இதுவும் வராது. ஆக, வீட்டில் இழுபறி நடந்துகொண்டிருந்தால், விசா வந்தபின் முடிவெடுப்பதை விட வருவதற்கு முன்பே முடிவெடுத்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் 6 மாதம்தான் செல்லும்.

பிரிட்டன் படிப்பைத் தள்ளிவைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு தேதி: படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அந்த ஆறு மாதத்தையும் கடன் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கனடா: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே தள்ளினால், புதிய சேர்க்கைக் கடிதத்தை இணையப் படிவம் வழியாக உடனே அனுப்ப வேண்டும். பயோமெட்ரிக் (85 கனடா டாலர்) 10 வருடம் செல்லும் என்பதால் மறுபடி கட்ட வேண்டாம். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான். கையில் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் 1 முதல் ஒருவருக்கு 22,895 கனடா டாலர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. அதற்கு முந்தைய வருடம் இது 20,635. ஒரு வருடம் தள்ளினால் இப்படித்தான் ஏறும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஜெர்மனி: முடக்கப்பட்ட கணக்கில் (அங்கே வாழும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் கணக்கு) 11,904 யூரோ போட்டுவிட்டீர்கள் என்றால், அதைத் திரும்ப எடுக்க விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதற்கான சான்று அல்லது தூதரகத்தின் ஒப்புதலைக் கேட்பார்கள். கணக்குத் தொடங்கிய கட்டணம் திரும்பாது. ஆறு மாதத்துக்குள் போவதாக இருந்தால் கணக்கை அப்படியே விட்டுவைப்பது எளிது.

ஆஸ்திரேலியா: 2025 ஜூலை 1 முதல் மாணவர் விசாக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விண்ணப்பித்தபின் மனம் மாறினால் பெரும்பாலும் போனதுதான். வீட்டு நிலைமை தெளியும்வரை விண்ணப்பிக்காதீர்கள்.

5. கட்டிய பணம்

டெபாசிட்டுக்கு ரீஃபண்ட் கேட்பதா, அடுத்த இன்டேக்குக்கு மாற்றுவதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் குழப்பிவிடுவார்கள். ரீஃபண்ட் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் வரும். மாமா கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் மாமாவுக்கு வரும். கடன் கணக்கிலிருந்து போயிருந்தால் வங்கிக்கு வரும். அனுப்பியபோது வங்கி கொடுத்த ஸ்விஃப்ட் நகலை (வெளிநாட்டுக்குப் பணம் போனதற்கான சான்று) தேடி வையுங்கள். போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒரு விகிதம், இடையில் வங்கிக் கட்டணம். முழுத் தொகை திரும்பாது.

சொந்தப் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பியிருந்தால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்திருப்பார்கள். கல்விக் கடனில் போன பணத்துக்கு இது இல்லை. படிப்பு தள்ளிப்போனாலும் அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் படிவம் 26ஏஎஸ்-இல் இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வருமானமே இல்லை என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்கள் இந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

6. கல்விக் கடன்

சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்) பல வங்கிகளில் ஆறு மாதம்தான் செல்லும். பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்றால் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, புதிய ஆஃபர் லெட்டர் வந்ததும் மறுமதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. கட்டணத்துக்கு முதல் தவணை ஏற்கெனவே போயிருந்தால் அன்றிலிருந்து வட்டி ஓடுகிறது. படிப்பு தள்ளிப்போனது வட்டிக்குத் தெரியாது. ரீஃபண்ட் வந்தவுடன் அதைக் கடன் கணக்கில் வரவு வைக்கச் சொல்லி, தவணை தொடங்கும் தேதியைப் புதிய படிப்புக் காலத்துக்கு மாற்றிய கடிதமும் வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் இரண்டாம் செமஸ்டரில் இருக்கும்போதே தவணை தொடங்கிவிடும்.

இந்தத் தள்ளிவைப்பில் யாரும் சொல்லாத பொறி இரண்டு இருக்கின்றன. ஒன்று, அப்பாவின் ஓய்வு. இந்த வருடம் அவருடைய சம்பளச் சீட்டை வைத்துக் கடன் கிடைத்திருக்கும். அடுத்த வருடத்துக்குள் அவர் ஓய்வு பெற்றால் இணைக் கடனாளி தகுதியே மாறும். அண்ணனோ அக்காவோ அம்மாவோ அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கும். அவர்களுடைய இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு தயாராக இருக்க வேண்டும். இரண்டு, கடனுக்கு ஈடாக வைக்கும் வீட்டுப் பத்திரம். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பத்திரத்தை அடகு வைத்துவிட்டால் கல்விக் கடனுக்கு ஈடு இருக்காது. அவசரத்துக்கு நகைக் கடன் எடுங்கள், பத்திரத்தைத் தொடாதீர்கள். கல்விக் கடனையே ரத்து செய்கிறீர்கள் என்றால், பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்திலேயே அதை ரத்து செய்து, புதிய வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிடுங்கள். வங்கி பத்திரத்தைத் திருப்பித் தந்தது மட்டும் போதாது.

7. காலாவதியாகும் தாள்கள்

ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ மூன்றும் 2 வருடம்; ஜிஆர்இ 5 வருடம். சேர்க்கை நாளை மட்டும் பார்த்தால் போதாது, விசா விண்ணப்ப நாளையும் பாருங்கள். 2025 ஜூன் மாதம் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர் 2027 செப்டம்பர் இன்டேக்குக்கு மாற்றினால், ஜூலையில் விசாவுக்குப் போகும்போது மதிப்பெண் செத்திருக்கும். பாஸ்போர்ட்டை இந்த இடைவெளியில் புதுப்பித்தால் எண் மாறும்; உடனே பல்கலைக்கழகத்துக்குச் சொல்லுங்கள். ஓய்வு பெறப்போகும் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியிருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு செட் கூடுதலாக எடுத்து, உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

8. இடைப்பட்ட வருடத்தின் வேலை

வேலையில் சேர்ந்தால் இரண்டு விஷயங்களைக் கையெழுத்துக்கு முன் பாருங்கள்: பாண்ட் இருக்கிறதா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள். ஐடி நிறுவனங்களில் 90 நாள் சாதாரணம். ஆகஸ்ட்டில் கிளம்ப வேண்டுமென்றால் ஏப்ரல் இறுதிக்குள் ராஜினாமா போட வேண்டும். விசா கையில் வருமுன்பே வேலையை விடும் நிலை வரும். அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விசா அதிகாரி கேட்டால் மருத்துவ ஆவணத்தைக் காட்டி நேராகச் சொல்லுங்கள். இடைவெளியை மறைக்கப் போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறோம் என்று வருகிறவர்களை மட்டும் நெருங்க விடாதீர்கள். பிடிபட்டால் கனடாவில் 5 வருடத் தடை, பிரிட்டனில் 10 வருடம் வரை, அமெரிக்காவில் நிரந்தரத் தகுதியிழப்பே வரும்.

9. அடுத்த வருடம் வீடு உங்களைத் தடுக்காமல் இருக்க

காரணம் உடல்நலம் என்றால் இந்த வருடத்தின் முதல் மாதத்திலேயே பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 3 வருடம் வரை போகலாம். தள்ளித் தள்ளி எடுத்தால் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதுதான் அந்த இடைவெளி கழுத்தைப் பிடிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் நிராகரிப்பார்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள்.

பெற்றோரின் வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கலாம் என்று மாற்றுங்கள். நாமினி பெயர் சரியா என்று பாருங்கள். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பக்கத்திலேயே ஒருவர், மாதம் ஒருமுறை மருந்து வாங்கித் தர ஒருவர் என்று பெயர் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு தேதியைப் பேசி வையுங்கள்: "மார்ச் 31 அன்று முடிவு." அன்றைக்கு என்னென்ன நடந்திருந்தால் கிளம்பலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தேதி இல்லாத "அப்புறம் பார்க்கலாம்" பெரும்பாலும் அடுத்த வருடமும் "அப்புறம் பார்க்கலாம்" ஆகத்தான் முடியும்.

10. மறுபடி கிளம்பும் கால வரிசை

ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் இன்டேக் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய டிசம்பரில் மொழித் தேர்வு காலாவதியைப் பார்த்து, தேவையென்றால் மறுபடி எழுதுங்கள். ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு "வருகிறேன்" என்று உறுதி மின்னஞ்சல். சில இடங்களில் இதற்கென்றே ஒரு கடைசித் தேதி உண்டு, தவறினால் தள்ளிவைத்த சீட்டும் போய்விடும். மார்ச்சில் வங்கி. ஏப்ரலில் புதிய ஐ-20 அல்லது அதற்கு இணையானது, அமெரிக்கா என்றால் உடனே நேர்காணல் தேதி. பிரிட்டனுக்கு என்றால் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை மே மாதமே கணக்கில் போட்டுவிட்டு 28 நாள் தொடாதீர்கள். ஒருநாள் நூறு ரூபாய் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த 28-ஆம் நாளுக்கும் விசா விண்ணப்ப நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது.